டிஸ்க் விளக்கு அணையாத லேப்டாப்பும் விண்டோஸ் 10-உம்

என்னிடம் இருப்பது இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர் போட்ட லேப்டாப். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், வாங்கும்போதே விண்டோஸ் 8.1. விண்டோஸ் 10 வெளியான 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு இலவச அப்கிரேடு கொடுத்தார்கள் அல்லவா, அந்தச் சமயத்தில் மாற்றியது. இன்றைக்கும் அதே விண்டோஸ் 10-இல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் உள்ளே இருக்கும் பாகங்கள்தான் மாறின. இதே மாதிரிப் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா என்று குழம்புபவர்களுக்காக எது பலன் தந்தது, எது வெட்டி வேலை என்று எழுதுகிறேன்.

அப்கிரேடு ஆன புதிதில் எதைத் தொட்டாலும் நகராது. டெஸ்க்டாப் என்னவோ வந்துவிடும். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மெனு வராது. வரவில்லையே என்று மறுபடி அழுத்தினால், முதல் அழுத்தத்துக்கு வந்த மெனு இரண்டாவது அழுத்தத்தில் மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் இருக்கும் டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் நின்று எரியும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசஸர் பத்து, பதினைந்து சதவீதத்தில் சும்மா இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதம். அதிலும் வேடிக்கை, வேகம் என்று காட்டுவது நொடிக்கு ஒரு எம்பிகூடத் தேறாது. பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஓர் எண் வரும். அது ஆயிரம் மில்லி செகண்டைத் தாண்டி நின்றது. ஒரு கோரிக்கைக்கு டிஸ்க் பதில் சொல்ல ஒரு நொடிக்கு மேல் ஆகிறது என்று பொருள்.

ஒரு எம்பிகூடப் படிக்காத டிஸ்க் எப்படி 100 சதவீதம் பிஸியாக இருக்கும் என்று பலர் கேட்பார்கள். கணக்கு எளிது. லேப்டாப்பில் வரும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 90 முறை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்டு. வேண்டிய இடம், தகவலைப் படிக்கும் முனையான ஹெட்டின் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஹெட் சரியான தடத்துக்கு நகர்ந்தாக வேண்டும், அது இன்னும் கூடுதல் நேரம். ஆக, சிதறிக் கிடக்கும் கோப்புகள் என்றால் நொடிக்கு அறுபது, எழுபது இடங்களைத் தொடுவதே பெரிய பாடு. ஒவ்வொரு இடத்திலும் 4 கேபி எடுத்தால் மொத்தம் 300 கேபிகூட வராது. நூறு பேர் வரிசையில் நிற்கும் ரேஷன் கடையில் ஒரே ஒருவர் பில் போடுகிற கதைதான்.

அப்கிரேடு ஆன சில நாட்களுக்கு அந்த வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருக்கும். தேடலுக்கான இண்டெக்ஸை முதலிலிருந்து கட்டும், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை பார்க்கும், ஸ்டோரில் உள்ள ஆப்கள் அப்டேட் ஆகும், டாட்நெட் என்ற மைக்ரோசாஃப்ட் கட்டமைப்பில் எழுதிய நிரல்களை இந்த பிராசஸருக்கு ஏற்றபடி மறுபடி தொகுக்கும். இவை எல்லாமே நீங்கள் எதுவும் செய்யாத நேரத்தில் ஓடும்படி எழுதப்பட்டவை. நாமோ லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று எரிச்சலில் உடனே மூடி வைத்துவிடுகிறோம். மறுநாள் திறந்தால் விட்ட இடத்திலிருந்து அதே வேலை. எனவே அப்கிரேடு செய்தவுடன் சார்ஜரைச் செருகி, ஸ்லீப் ஆகாதபடி மாற்றி, இரண்டு மூன்று இரவு அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு பைசா செலவில்லாத வழி, எனக்குக் கண்கூடாகத் தெரிந்த முதல் முன்னேற்றமும் இதுதான். அப்படி விட்ட பிறகும் டிஸ்க் 100-இலேயே நின்றால்தான் வேறு எதையும் யோசிக்க வேண்டும். முந்தைய விண்டோஸுக்கே திரும்பும் வசதி பத்து நாள்தான் இருக்கும், அதற்குப் பிறகு பழைய கோப்புகள் தானாக அழிந்துவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் ஷட் டவுன். விண்டோஸ் 8 முதல் ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலையும் பாகங்களை இயக்கும் டிரைவர்களையும் இருக்கிற நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டுகிறது. டாஸ்க் மேனேஜரில் அப்டைம் பார்த்தால், தினமும் அணைத்தும்கூடப் பல நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும். ஏதோ ஒரு டிரைவர் முரண்டு பிடிக்கிறது என்றால் ஷட் டவுன் செய்து திறப்பதில் பயனில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஹார்ட் டிஸ்க் இருக்கும்வரை இந்த வசதியை அணைக்காதீர்கள், திறக்கும் நேரம் கூடிவிடும். சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாறிய பிறகு நான் அணைத்துவிட்டேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் எல்லோரும் சொல்லும் வைத்தியங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலில் இருந்த பிரிண்டர் உதவியாளர், அரட்டை ஆப், லேப்டாப்பிலேயே வந்த விளம்பர மென்பொருள் எல்லாவற்றையும் நிறுத்தியதில் நல்ல பலன் இருந்தது. டிரான்ஸ்பரன்சி, அனிமேஷன்களை நிறுத்தியதில் உண்மையான வேகம் கூடவில்லை. ஆனால் விண்டோ சட்டென்று திறப்பதால் கைக்கு வேகமாக இருப்பது போலத் தோன்றும், அதுவும் நல்லதுதான். சிஸ்மெயின் என்ற பின்னணி சர்வீஸை நிறுத்தினால் டிஸ்க் அமைதியாகும் என்றார்கள். திறந்தவுடன் அமைதியானது உண்மை. ஆனால் அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்கூட்டியே ரேமில் ஏற்றிவைப்பதுதான் அதன் வேலை என்பதால், பிரவுசர் முதல் தடவை திறப்பது முன்பைவிடத் தாமதமானது. மறுபடி ஓட விட்டுவிட்டேன். ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் பூஸ்டர், ரேம் கிளீனர் என்று வருபவற்றைத் தொடவே தொடாதீர்கள். வேகம் கூட்டுகிறேன் என்று வரும் நிரலே பின்னணியில் ஓடி வரிசையில் இன்னொரு ஆளாக நிற்கும்.

டிஃபெண்டரை அணைத்துவிடு என்ற ஆலோசனையும் உண்டு. வேண்டாம். முழு ஸ்கேனை நீங்கள் வேலை செய்யாத நேரத்துக்குத் தள்ளிவைத்தால் போதும்.

சரி, இவ்வளவும் செய்து கிடைத்தது என்ன? தாங்கமுடியாத லேப்டாப், பொறுத்துக்கொள்ளக்கூடிய லேப்டாப் ஆனது. அவ்வளவுதான். அதற்கு மேல் போக வேண்டுமானால் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டும்.

ரேமா எஸ்எஸ்டியா என்று கேட்டால், இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் யோசிக்காமல் எஸ்எஸ்டி. காரணம் மேலே சொன்ன கணக்குதான். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் ஹெட்டும் இல்லை. நொடிக்கு அறுபது இடங்களுக்குப் பதில் பல ஆயிரம் இடங்களைத் தொடும். டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் சாட்டா இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 550 எம்பி சுமார் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், அந்த எண் நமக்கு முக்கியமே இல்லை. விலை குறைந்த சாட்டா எஸ்எஸ்டியே பழைய லேப்டாப்பை வேறு ஆளாக்கிவிடும். ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எடுக்கும் வேலையும் இதனால் வேகமாகிவிடுகிறது, ஆகவே 4 ஜிபி இருந்தும் முன்புபோல முழுதாக உறைந்து நிற்பதில்லை.

மாற்றுவது கடினமல்ல. 2.5 அங்குல எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் உள்ளே ஆடாமல் இருக்கச் சட்டத்தில் வைத்துத் திருகினால் போதும். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் வழி இருந்தாலும், நான் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவ் தயாரித்துப் புதிதாகவே நிறுவினேன். இத்தனை வருடக் குப்பையையும் புது டிஸ்க்குக்கு ஏன் குடியேற்ற வேண்டும்? லைசன்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். அது மதர்போர்டோடு சேர்த்துப் பதிவாகியிருப்பதால், கீ கேட்கும் இடத்தில் தவிர்த்துவிட்டு, பிறகு இணையத்தில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். முன்பிருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோமை, தேர்ந்தெடுக்க வேண்டும், அது மட்டும் முக்கியம். பயன்படுத்தாத டிவிடி டிரைவைக் கழற்றி, அந்த இடத்தில் டிஸ்க்கைத் தாங்கும் கேடி என்ற சட்டத்தைப் போட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினேன். படங்களும் பழைய ஆவணங்களும் அதில் இருக்கின்றன. கேடியிலும் 9.5, 12.7 என்று இரண்டு தடிமன் உண்டு, அளந்துவிட்டு வாங்குங்கள்.

ரேமைப் பிறகு 8 ஜிபி ஆக்கினேன். இதில் ஒரு நுணுக்கம்: டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் ஒரே வடிவம், ஸ்லாட்டில் ஒரே மாதிரி உட்காரும். முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். நான்காம் தலைமுறை லேப்டாப்கள் பலவற்றுக்கு 1.35 வோல்ட்தான் ஆகும். மற்றதைப் போட்டால் திரையே வராது. இப்போது பிரவுசரில் பதினைந்து டேப் திறந்தாலும் தாங்குகிறது. ரேம் கூட்ட ஸ்லாட் இல்லாதவர்கள், பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும் வசதிகளான எட்ஜின் ஸ்லீப்பிங் டேப்ஸ், குரோமின் மெமரி சேவர் இரண்டில் எது இருக்கிறதோ அதைத் தவறாமல் ஓட விடுங்கள்.

வேகம் வந்த பிறகும் வீடியோ மட்டும் திக்கியது. ஃபேன் கத்தும், பிராசஸர் 90 சதவீதம். யூடியூப் பெரும்பாலும் அனுப்புவது விபி9 அல்லது ஏவி1 கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறையில். யூடியூப் தரும் கோடெக்குகளில் இந்தத் தலைமுறை கிராபிக்ஸ் சிப்புக்கு எச்.264-ஐ மட்டும்தான் ஹார்டுவேரிலேயே ஒழுங்காக அவிழ்க்கத் தெரியும். மற்றதெல்லாம் பிராசஸர் தலையில் விழும். எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷன் யூடியூபை எச்.264-ஐயே அனுப்ப வைக்கிறது. 1080பி-க்கு மேல் கிடைக்காது, என் திரை அதற்கும் கீழே என்பதால் இழப்பில்லை. அதை நிறுவிய அன்றே ஃபேன் அடங்கியது.

இரண்டு அறிகுறிகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்கிரேடுக்குப் பிறகு பிரைட்னஸ் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை, ஸ்க்ரோல் செய்தால் வெட்டி வெட்டிப் போகிறது என்றால் டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் டிரைவரைப் பாருங்கள். 'பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் சரியான டிரைவர் ஏறவில்லை. டிஸ்க்கும் ரேமும் காலியாக இருந்தும் எல்லாம் மெதுவாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் வேகத்தைப் பாருங்கள். வேலை கொடுத்த நேரத்திலும் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயே நின்றால் அது விண்டோஸ் பிரச்சினை அல்ல. ஒன்று ஃபேனில் தூசி அடைத்துச் சூடு ஏறியிருக்கும், அல்லது லேப்டாப் தன் அடாப்டரை அடையாளம் காணாமல் வேகத்தைத் தானே கட்டிப்போட்டிருக்கும். இதற்காக இயங்குதளத்தை மறுபடி மறுபடி நிறுவிப் பார்ப்பவர்கள் ஏராளம்.

இனி எத்தனை நாள் ஓட்டலாம் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் கேட்கிறது, என்னுடையதில் இரண்டும் கிடையாது. சோதனையைத் தாண்டி நிறுவும் குறுக்குவழிகள் இருக்கின்றன, ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதமில்லை என மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம், அதுவே இல்லையென்றால் எதற்கு? அதனால் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருந்துகொண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்தேன். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். தனிநபர்களுக்கு அந்தத் திட்டம் ஓராண்டு என்றே, 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது.

அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. குறைந்தது 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி ரேம் போதும் என்கிறார்கள். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தேன்: வைஃபை, ஒலி, பிரைட்னஸ், மூடித் திறந்தால் ஸ்லீப்பிலிருந்து எழுவது எல்லாம் சரியாக இருந்தன. அதன் தட்டச்சுக் கருவியான ஐபஸ்ஸில் தமிழ்99 விசைப்பலகை இருப்பதால் தட்டச்சுக்கும் குறையில்லை. வங்கிக்கான டிஜிட்டல் கையெழுத்து டாங்கிள் மட்டும் அதில் இன்னும் வேலை செய்யவில்லை. அது தீரும்வரை விண்டோஸை ஒரு பார்ட்டிஷனில் விட்டுவைப்பதாக இருக்கிறேன்.