400 வாற்றுச் சிறு காற்றாலை: களுதாவளைத் தோட்டத்திலிருந்து ஒரு மதிப்பீடு

களுதாவளையில் உள்ள தோட்டக் காணியின் காவற்குடிலுக்கு வெளிச்சம் எடுப்பதற்காக மட்டக்களப்பு நகரக் கடையொன்றில் வாங்கிப் பூட்டிய சிறு காற்றாலையைப் பற்றியது இம்மதிப்பீடு. மூன்று இறக்கைகள், காற்றுக்கு முகம் திருப்பும் வால், 12 வோல்ற்றுப் பற்றரிக்கு மின்னேற்றும் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை ஒரே பெட்டியில் வருகின்றன. கம்பத்தையும் பற்றரியையும் நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் விட்டம் 1.2 மீற்றர். பெட்டியின் மேல் 400 வாற்று என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வாங்க நினைப்பவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது அந்த எண்ணைத்தான்.

செக்கனுக்கு 12.5 மீற்றர் வேகத்தில் காற்று வீசும்போது கிடைக்கும் வலுவே 400 வாற்று என்பது கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. மணிக்கு 45 கிலோமீற்றர் வேகத்துக்குச் சமமான அந்தக் காற்று எங்கள் கரையில் நாளாந்தம் வீசுவதில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் வலு எட்டு மடங்காகும். பாதியாகக் குறைந்தால் எட்டில் ஒன்றுதான் மிஞ்சும். செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் வீசும் மென்காற்று இந்த வட்டத்தினூடாகக் கொண்டுசெல்லும் மொத்த வலுவே ஏறத்தாழ 44 வாற்றுத்தான். அதில் கால்வாசியைப் பிடித்தால் 11 வாற்றுக் கிடைக்கும். பத்து மணித்தியாலம் அப்படி வீசினால், 5 வாற்று எல்ஈடி விளக்குகள் மூன்றை நாலு மணித்தியாலம் எரித்து, கைத்தொலைபேசிக்கும் மின்னேற்றிக்கொள்ளலாம். காவற்குடிலுக்கு அது போதும். குளிர்சாதனப் பெட்டி ஓட்டலாம் என்று எண்ணி வாங்குபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

அதே கடையில், இதே அளவு இறக்கைகளோடு 1,000 வாற்று என்று எழுதிய வேறொரு பெட்டியும் இருந்தது. காற்றில் உள்ள வலுவில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாலையாலும் எடுக்க முடியாது என்பதை ஜேர்மன் பௌதிகவியலாளர் அல்பேர்ட் பெற்ஸ் 1919இல் கணக்கிட்டுக் காட்டினார். அதன்படி 1.2 மீற்றர் வட்டத்தில், 12.5 மீற்றர் வேகக் காற்றில், ஏறத்தாழ 800 வாற்றுக்கு மேலே போவதற்கு வழியே இல்லை. எனவே வாற்று எண்ணை விட்டுவிட்டு, இறக்கையின் நீளத்தை அளந்து பார்த்து வாங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

இப்பொருளைப் பற்றி நியாயமாகச் சொல்வதென்றால், காற்று எப்போதும் எந்த வேலைக்கு உதவி வந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். களத்தில் சூடு மிதித்த பின் காற்றுக்காகக் காத்திருந்து, அது எழும்பியதும் நெல்லைத் தூற்றிப் பதரைப் பிரித்தவர்கள் எங்கள் முன்னோர். வாவியிலும் காற்றுக்கு ஏற்பப் பாய் விரித்தார்கள். மலைநாட்டின் தென்புறத்துச் சமனலவெவப் பகுதியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், தென்மேல் பருவக்காற்று மோதும் மலைச்சரிவுகளில் உலைகளைக் கட்டி, அந்தக் காற்றின் வேகத்தாலேயே இரும்பு உருக்கியிருக்கிறார்கள் என்பதைத் தொல்லியல் ஆய்வாளர் கில் ஜூலெஃப் 1990களில் வெளிப்படுத்தினார். ஸ்கொட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் 1887இல் துணிப்பாய் கட்டிய காற்றாலையொன்றால் சேமிப்புக் கலங்களுக்கு மின்னேற்றித் தம் வீட்டுக்கு விளக்கேற்றினார்; எங்கள் குடிலில் நடப்பதும் அதே வேலைதான். காற்று வரும்வரை பொறுத்திருக்கக்கூடிய வேலைக்கே அது நன்றாகப் பயன்படுகிறது. இந்தக் கருவியும் அந்த வகையானது.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பற்றரி பெரும்பாலும் நிறைந்தே இருந்தது. பங்குனி, சித்திரையில் இறக்கைகள் அசையாமல் நின்ற நாட்கள் பல. அப்போது வெயிலுக்குக் குறைவில்லாததால் சிறிய சூரியப் படலொன்றே வேலையைச் செய்துவிடுகிறது. மார்கழியில் மழை இருட்டு மூடிச் சூரியப் படல் சோர்ந்துபோகும் வேளையில் வாடைக்காற்று கைகொடுக்கிறது. ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் அதே பணத்துக்குச் சூரியப் படலே கூடுதலாகத் தரும். ஆகவே படலுக்குத் துணையாக மட்டுமே இதனைப் பரிந்துரைப்பேன்.

வீட்டுக் கூரையிலேயே பூட்டலாம் என்று கடைக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. அதிர்வு சுவரில் இறங்கும். கூரையிலும் மரங்களிலும் மோதிச் சுழலும் காற்று இறக்கைகளை அலைக்கழிக்கும். 150 மீற்றருக்குள் இருக்கும் எதனையும் விடப் பத்து மீற்றராவது உயரத்தில் ஆலை நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. தென்னைகளுக்கு நடுவில் அதற்கு ஏற்ற கம்பம் நிறுத்தும் செலவு கட்டுப்படியாகாது என்பதால், கடற்பக்கம் திறந்த வெளியில் நிறுத்தினோம். மன்னாரில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட 103.5 மெகாவாற்றுப் பண்ணையின் 30 ஆலைகளும் திறந்த கரையோரத்தில் நிற்பதற்கும் இதுவே காரணம்: காற்றுத் தடையின்றி வந்து சேர வேண்டும்.

கம்பம் அடியில் மடிந்து சாயும் வகையில் இருப்பது கட்டாயம். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைக் கண்ட மாவட்டத்தில், எச்சரிக்கை வந்தவுடன் கீழே இறக்க முடியாத காற்றாலையை நாட்டுவது அயலவருக்கும் ஆபத்து.

தயாரிப்பின் தரத்தில் எனக்கு மனநிறைவும் குறையும் உண்டு. இறக்கைகள் சமநிலையாக வார்க்கப்பட்டிருக்கின்றன, இரைச்சல் குறைவு. ஆனால் உப்புக்காற்றில் இறக்கைகளைப் பிடிக்கும் ஆணிகள் சில மாதங்களிலேயே செந்துரு ஏறிவிட்டன. துருப்பிடிக்காத எஃகு ஆணிகளை மாற்றிப் பூட்டினோம். கரையோரத்துக்கு விற்கும் பொருளில் இந்தக் குறை இருக்கவே கூடாது.

வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். அச்சைக் கையால் சுழற்றினால் இலகுவாகச் சுழல வேண்டும். பின்னர், வெளியே வரும் மூன்று வயர்களின் முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துச் சுழற்றினால் அச்சு இறுகித் தடுக்க வேண்டும். தடுக்காவிட்டால் உள்ளே சுருள் பழுது. பெருங்காற்றில் ஆலையை நிறுத்தும் ஆளியும் இதே முறையில்தான் இயங்குகிறது என்பதால், அந்த ஆளி இல்லாத கட்டுப்பாட்டுக் கருவியை ஏற்க வேண்டாம். ஓராண்டு உத்தரவாதத்தில் அச்சுத் தாங்கி அடங்குமா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எங்களுக்குத் தந்ததில் கட்டுப்பாட்டுக் கருவி மட்டுமே அடங்கியிருந்தது. ஓர் இறக்கை முறிந்தாலும் எடை ஒத்த மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், மேலதிகமாக ஒரு தொகுதி இறக்கைகளை அப்போதே கேட்டு எடுத்துவைப்பது நல்லது.