தண்ணீர் தேங்கும் மூலையில் ஒரு காட்டு ரோஜா: ஆறு வருடக் கதை

எங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் பின்பக்கத் தோட்டத்தின் தென்கிழக்கு மூலையில் போய் முடிகிறது. மத்திய நியூ ஜெர்சியில் பல இடங்களில் இருக்கும் அதே சிவந்த களிமண்தான் இங்கும். நல்ல மழை பெய்தால் இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் செருப்போடு போக முடியாது, சொதசொதவென்று கால் இறங்கும். ஆனால் நாள் முழுக்க வெயில் படுகிற ஒரே இடம் அதுதான் என்பதால், அங்கேதான் ரோஜா வைப்பேன் என்று அடம்பிடித்தேன்.

2017இல் இரண்டு ஹைப்ரிட் டீ ரோஜா, அதாவது நீளக் காம்பில் பெரிய பூ பூக்கும் ஒட்டு ரகம், வாங்கி வைத்தேன். ஒன்று முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. இன்னொன்று அடுத்த ஜூன் வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. இலையெல்லாம் கரும்புள்ளி, அப்புறம் மஞ்சள், அப்புறம் மொட்டைக் குச்சி. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துப் போய் சாக்கடை வாடை அடித்தது. அதே வருடம் ஒரு நர்சரியில், "இது இந்த ஊர்க் காட்டு ரோஜா, எதையும் தாங்கும்" என்று சொல்லி ருகோசா ரோஜாவைத் தலையில் கட்டினார்கள். அதன் பூர்வீகம் கிழக்கு ஆசியா. இங்கே கடற்கரை மணல்மேடுகளில் பரவிக் கிடப்பதால் உள்ளூர்ச் செடி என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மணலில் ராஜாவாக இருக்கும் அந்தச் செடி என் களிமண் குட்டையில் ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

மூன்று செடிகளைக் கொன்ற பிறகுதான், தண்ணீரை வடிக்க வழி தேடுவதை விட்டுவிட்டுத் தண்ணீரில் நிற்கிற ரோஜா ஏதாவது உண்டா என்று தேட ஆரம்பித்தேன். உண்டு. ஸ்வாம்ப் ரோஸ் என்கிறார்கள். தாவரப் பெயர் ரோசா பலுஸ்ட்ரிஸ், சதுப்பு நிலத்து ரோஜா என்றே அர்த்தம். 1785இலேயே ஹம்ப்ரி மார்ஷல் என்ற பென்சில்வேனியாக்காரர் பெயர் வைத்துப் பதிவு செய்துவிட்டார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஃப்ளோரிடா வரை குளக்கரை, ஓடைக்கரை, சேற்று நிலம் என்று தானாக வளர்கிற புதர். அதாவது நான் சாபம் என்று நினைத்த மூலை அதற்குச் சொந்த வீடு.

2019 ஏப்ரலில், உள்நாட்டுச் செடிகளை மட்டும் விற்கும் ஓர் இடத்தில் ஒரு கேலன் தொட்டியில் இருந்த இரண்டு கன்றுகளை வாங்கி ஐந்தடி இடைவெளியில் நட்டேன். நடுவதற்கு முன் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தேன். மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஹெச் 5.8 வந்தது. இந்தச் செடிக்குக் கொஞ்சம் புளிப்பான மண்தான் பிடிக்கும், அதனால் சுண்ணாம்பு எதுவும் போடவில்லை. குழி நிறைய எருவும் கொட்டவில்லை. மேலே இரண்டு அங்குலம் இலைமட்கு, அதற்கு மேல் மரச்சீவல் மூடாக்கு. அவ்வளவுதான்.

முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டடி உயரத்துக்கு மெல்லிய குச்சிகள், அவ்வளவே. பூவும் கிடையாது. போன வருடக் குச்சியிலிருந்து கிளம்பும் பக்கக் கிளைகளில்தான் இது பூக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாததால் 2020 மார்ச்சில் ஊரில் செய்கிற மாதிரி நன்றாகக் கவாத்து செய்துவிட்டேன், அந்த வருடப் பூவும் போயிற்று. மிச்சமிருந்த துளிரை மான் தின்றது. முள் இருந்தால் மான் தொடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இளந்துளிரில் முள் மெத்தென்றுதான் இருக்கும், மானுக்கு அது கீரை. கோழிவலையை வாங்கிச் சுற்றிக் கட்டினேன். செடி நான்கடி தாண்டிய பிறகுதான் அதை எடுத்தேன்.

2021 ஜூனில் முதல் பூ.

அந்த வருடம் செப்டம்பர் 1ஆம் தேதி ஐடா புயலின் மிச்சம் இந்தப் பக்கம் வந்தது. எங்கள் மாநிலத்து நூவர்க் நகரில் ஒரே நாளில் எட்டு அங்குலத்துக்கு மேல் மழை. எங்கள் பின்பக்கம் குளமாகிவிட்டது. செடியின் அடி மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றது, ஐந்தாவது நாள் வரைக்கும் சேறு. பக்கத்தில் இருந்த லாவண்டர் மூன்றும் அழுகிப்போயின. ரோஜாவில் ஓர் இலைகூட மஞ்சளாகவில்லை. அன்றைக்குத்தான் இந்தச் செடியின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அதற்கு நேர் எதிரான சோதனை 2024 அக்டோபர். நியூ ஜெர்சியில் மழைப் பதிவு 1895இல் தொடங்கியதிலிருந்து அவ்வளவு வறண்ட மாதம் வந்ததே இல்லை, மாதம் முழுக்க மழை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. எங்கள் ஈர மூலையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. இலைகள் ஓரம் கருகி, நிறம் மாறுவதற்குள் பாதி உதிர்ந்துவிட்டன. வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றினேன். அடுத்த வசந்தத்தில் நுனிக் குச்சிகள் நான்கைந்து காய்ந்திருந்தன, மற்றபடி பழையபடி துளிர்த்துவிட்டது. ஆனால் வருடா வருடம் வறட்சியைத் தாங்குமா என்றால் தாங்காது. ஒரு வேர்க்கன்றைத் தோண்டி, மேட்டு நிலத்தில் வீடு கட்டியிருக்கும் நண்பருக்குக் கொடுத்தேன். மூன்று வருடமாகியும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. "உன் செடி சோம்பேறிடா" என்கிறார். செடி மேல் தப்பில்லை, இடம்தான் தப்பு.

சரி, பூ எப்படி? இரண்டு அங்குல அகலம், ஐந்தே இதழ், வெளிர் சிவப்பு, நடுவில் மஞ்சள் மகரந்தக் கூட்டம். ஜூன் நடுவில் தொடங்கி நாலு வாரம் பூக்கும், அப்புறம் அடுத்த ஜூன்தான். வாசனை மெல்லியது. காலையில் முகத்தை அருகில் கொண்டுபோனால் தெரியும், பத்து மணி வெயிலுக்குப் பிறகு தேட வேண்டும். 2023இல் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது இந்தப் புதரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, இதையா காசு குடுத்து வாங்கின? வேலியோரம் கெடக்குற மாதிரி இருக்கு" என்றார். ஆனாலும் காலையில் நான்கு பூவைப் பறித்து முருகன் படத்துக்கு வைத்தார். சாயங்காலம் விளக்கேற்றப் போனால் இதழ் எல்லாம் தட்டில் கொட்டிக் கிடந்தது, காம்பில் மஞ்சள் நூல்கள் மட்டும் நின்றன. "நம்ம பன்னீர் ரோஜா ரெண்டு நாளாச்சும் தாங்கும்" என்று சொல்லிக்கொண்டே திரியைத் தூண்டினார். மாலை கட்ட, ஜாடியில் வைக்க, பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்க ரோஜா வேண்டுமானால் இது ஆகாது.

எனக்கு இந்தச் செடியில் பிடித்தது காலை ஆறரை மணி. ரோஜாப் பூவில் தேன் கிடையாது, மகரந்தத்துக்காகத்தான் தேனீ வருகிறது. குண்டு குண்டாக ரோமம் மூடிய பம்பிள் தேனீ ஒன்று பூ நடுவில் உட்கார்ந்து, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் அதிரவிடும். பறக்கும்போது வருவதைவிடச் சுருதி கூடின ஒரு ரீங்காரம், இரண்டு விநாடி இருக்கும். மகரந்தம் பொடியாகக் கொட்டும், அதைக் காலால் வழித்துக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய்விடும். காபி ஆறுவது தெரியாமல் நின்று பார்த்திருக்கிறேன். ஜூலையில் சில இலைகளில் நாணயத்தை வைத்து வெட்டியதுபோல அரைவட்டம் அரைவட்டமாகக் காணாமல் போகும். அது இலைவெட்டித் தேனீ கூடு கட்ட எடுத்துப்போவது. மருந்து அடிக்க ஓடாதீர்கள்.

ஓடவேண்டியது ஜப்பான் வண்டுக்கு. செம்பு நிற முதுகும் பச்சைத் தலையுமாகப் பார்க்க அழகாக இருக்கும். இந்தச் சனியன் அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டதே 1916இல் நியூ ஜெர்சியின் ரிவர்டன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில்தான், ஆக இது எங்கள் மாநிலத்துப் பெருமை. ஜூன் கடைசியில் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும், சரியாக என் செடி உச்சத்தில் பூக்கிற நேரம். ஒரே பூவில் ஐந்தாறு உட்கார்ந்து இதழை வலைபோல் ஆக்கிவிடும். 2022இல் வாசனைப் பொறி ஒன்று வாங்கிச் செடிக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். மடத்தனம். தெருவில் இருந்த வண்டு எல்லாம் விருந்துக்கு வந்தன, பொறியில் விழுந்ததைவிட செடியில் இறங்கியவை அதிகம். இப்போது பழைய டப்பாவில் சோப்புத் தண்ணீர். விடிகாலையில் வண்டு குளிரில் மந்தமாக இருக்கும், பூவுக்குக் கீழே டப்பாவைப் பிடித்துத் தட்டினால் பொத்தென்று விழும். மூன்று வாரம், தினம் பத்து நிமிட வேலை. இன்னொன்று, இந்த வண்டு முட்டையிட ஈரமான புல்தரையைத்தான் தேடும். தண்ணீர் தேங்கும் மூலை ரோஜாவுக்கு நல்லது என்றால் வண்டுக்கும் நல்லதுதான், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்ற நோய்கள் பெரிதாக இல்லை. கரும்புள்ளி அங்கங்கே வரும், இலை கொட்டுகிற அளவுக்குப் போனதில்லை. ஆறு வருடத்தில் ஒரு மருந்தும் அடித்ததில்லை.

முள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இலைக்காம்புக்குக் கீழே ஜோடி ஜோடியாக, பூனை நகம் மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். உள்ளே கை போவது எளிது, வெளியே எடுக்கும்போதுதான் பிடிக்கும். இப்போது புதர் ஏழடி உயரம், ஆறடி அகலம். நான் நடைபாதையிலிருந்து மூன்றடி தள்ளித்தான் நட்டிருந்தேன். தபால்காரர் சட்டை ஒருமுறை கிழிந்தது. திரும்ப நடுவதாக இருந்தால் எட்டடி தள்ளி நடுவேன். வேர்க்கன்றுகளும் புல்தரைக்குள் எட்டிப் பார்க்கும். ஏப்ரலில் மண்வெட்டியால் சுற்றிலும் ஒரு வெட்டு வெட்டிவிட்டால் போதும். கவாத்தை இப்போது பூ முடிந்த கையோடு ஜூலை கடைசியில் செய்கிறேன், பழைய தண்டில் மூன்றோ நான்கோ அடியோடு வெட்டுவேன். முழங்கை வரை வரும் தோல் கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே காடோரம் எல்லாம் வெள்ளைப் பூவோடு மண்டிக் கிடப்பது மல்டிஃப்ளோரா ரோஜா. 1866இல் ஜப்பானிலிருந்து ஒட்டுக்கட்டும் வேர்ச்செடியாக வந்தது. 1930களில் மண்ணரிப்பைத் தடுக்க அரசே நடச் சொன்னது, இப்போது அழிக்கச் சொல்கிறது. பூ இல்லாத காலத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் இலையடிச் செதிலைப் பாருங்கள். சீப்புப் பல் மாதிரி பிசிறு பிசிறாக இருந்தால் மல்டிஃப்ளோரா. பிசிறில்லாமல், குறுகலாக, ஓரம் உள்ளே சுருண்டிருந்தால் நம்முடையது. தொட்டியில் பெயர்ச்சீட்டு என்ன சொன்னாலும் நான் இப்போது செதிலைப் பார்க்காமல் காசு எடுப்பதில்லை.

இலையுதிர் காலத்தில் இலை ஆரஞ்சும் சிவப்புமாக மாறும், காய்கள் பட்டாணி அளவில் சிவந்து பனியிலும் தொங்கும். பிப்ரவரியில் பறவைகள் தின்று தீர்க்கின்றன. காயை நாமும் தின்னலாம், ஆனால் விதையைச் சுற்றி இருக்கும் மயிர் தொண்டையில் அரிக்கும், இவ்வளவு சின்னக் காயில் அதைச் சுரண்டி எடுக்க எனக்குப் பொறுமை இல்லை. விதையை மட்டும் 2022 இலையுதிர் காலத்தில் ஒரு தொட்டியில் போட்டு வெளியே குளிரில் விட்டேன். அடுத்த வசந்தத்தில் ஒன்றும் வரவில்லை, தொட்டியையே மறந்துவிட்டேன். 2024 மேயில் மூன்று முளைத்திருந்தன. இரண்டை அணில் தோண்டிப் போட்டது. மீதமுள்ள ஒன்று இப்போது ஒன்றரை அடி, மேட்டு வீட்டு நண்பர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுக் கூரைக் குழாய் எங்கே இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.