டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்: கிராஷ் நிற்காவிட்டாலும் பயன் தரும் மென்பொருள்

கேம் நடந்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்து, ஒலி ஒரே இடத்தில் சிக்கிக் கரகரத்து, சில நொடிகளில் டெஸ்க்டாப் மட்டும் மிஞ்சி நிற்கும் ‘கிராஷ்’ என்ற கோளாறுக்கு யாரிடம் யோசனை கேட்டாலும், ‘டிடியு போட்டுப் பாருங்கள்’ என்ற பதில் தவறாமல் வரும். வாக்னார்ட்சாஃப்ட் வெளியிடும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருள்தான் டிரைவர்; அதைச் சுவடின்றி நீக்குவதே இதன் வேலை. டிடியு எதற்காக என்பதைச் சொல்லாமலே யோசனை மட்டும் கைமாறுவதால், அதைக் கோளாறுக்கான மருந்தாக நினைத்துப் பயன்படுத்தி, கிராஷ் நிற்காதபோது மென்பொருளைக் குறை கூறுபவர்கள் பலர். என் மதிப்பீட்டில் டிடியு மருந்து அல்ல. டிரைவர் மீது விழும் சந்தேகத்துக்கு முடிவு கட்டும் கருவி. அந்த ஒரு வேலையை இவ்வளவு முழுமையாகச் செய்யும் வேறொரு மென்பொருளை நான் பார்த்ததில்லை.

அதை இறக்குவதற்கு முன் கிராஷ் எவ்வகையைச் சேர்ந்தது என்று பார்ப்பது அவசியம். விண்டோஸ் விஸ்டா முதல் இயங்குதளத்துக்குள்ளேயே ஒரு கண்காணிப்பு ஏற்பாடு இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த ஒரு வேலை இயல்பான வரம்பாகிய 2 நொடிக்குள் முடியாமலும், இடையில் நிறுத்த முடியாமலும் போனால், கார்டு முடங்கிவிட்டதாகக் கருதி விண்டோஸ் டிரைவரை மறுபடி தொடங்கும். அந்த முயற்சி பலித்தால், டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்காமல் நின்று பின்னர் மீண்டது என்ற பதிவு 4101 என்ற எண்ணுடன், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடாகிய ஈவென்ட் வியூவரில் இருக்கும். பலிக்காவிட்டால் விண்டோஸே நின்றுபோய், பிழையைக் காட்டும் நீலத்திரை வரும். இந்தப் பதிவில் டிரைவரின் பெயர் இருப்பதாலேயே குற்றம் டிரைவருடையது என்று முடிவு செய்துவிடக் கூடாது. பதில் வரவில்லை என்பதை மட்டுமே விண்டோஸ் அறியும்; மின்சாரம் தடுமாறியதா, கார்டின் மெமரி கெட்டதா, வேகம் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டதா என்பதை அந்த வரி சொல்லாது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினியே அணைந்து, கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்பதைக் குறிக்கும் கெர்னல் பவர் 41 என்ற பதிவு மட்டும் மிஞ்சியிருந்தால், டிடியுவைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பவர் சப்ளையைப் பார்ப்பதே சரி.

டிரைவரைச் சந்தேகிக்க நியாயமான காரணங்கள் உண்டு. ஒரு நிறுவனத்தின் கார்டைக் கழற்றிவிட்டு வேறொரு நிறுவனத்தின் கார்டைப் பொருத்தியிருக்கலாம். டிரைவர் நிறுவல் பாதியில் நின்றிருக்கலாம். நாம் போட்ட டிரைவரின் மேல் விண்டோஸ் அப்டேட் தானாக வேறொரு பதிப்பைப் போட்டிருக்கலாம். அல்லது புதிய பதிப்பு வந்த நாள் முதல் கிராஷ் தொடங்கியிருக்கலாம். வழக்கமான முறையில் டிரைவரை நீக்கும்போது விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரிஜிஸ்ட்ரியின் பதிவுகளும், விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் டிரைவர் தொகுப்புகளும், நிறுவனத்தின் துணை மென்பொருள்கள் விட்டுச்சென்ற கோப்புறைகளும் அப்படியே தங்கிவிடுகின்றன. டிடியு அவற்றைத் தேடித் துடைக்கிறது. என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்களின் டிரைவர்களையும் அது அறியும்.

பயன்படுத்தும் முறை எளிது. ஆனால் முன்னேற்பாடு தேவை. அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் விண்டோஸின் சேஃப் மோடில் இயக்குவதே பரிந்துரைக்கப்பட்ட வழி. அங்கே செல்லும்போது வட்டிலுள்ள தரவைக் குறியாக்கிக் காக்கும் பிட்லாக்கர் பூட்டுள்ள கணினி மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும், சில கணினிகளில் உள்நுழைவதற்கான பின் (PIN) எண் ஏற்கப்படாமல் கணக்கின் கடவுச்சொல் தேவைப்படும் என்பதால், இரண்டையும் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. நிறுவப்போகும் டிரைவரை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டு இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இல்லையென்றால் நாம் துடைத்த இடத்தில் விண்டோஸ் அப்டேட் தன் விருப்பப்படி ஒரு டிரைவரைக் கொண்டுவந்து வைத்துவிடும். வலப்பக்கம் சாதன வகையையும் நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்தபின், துடைத்து மறுதொடக்கம் செய்வது, மறுதொடக்கமின்றித் துடைப்பது, புதிய கார்டு பொருத்துவதற்காகத் துடைத்து அணைப்பது என்ற மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் போதும். என்னென்ன நீக்கப்படுகின்றன என்பது வரிவரியாக ஓடும். மறுதொடக்கத்துக்குப் பின் ஐகான்கள் பெருத்து, திரை மங்கலாகத் தெரியும். விண்டோஸின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர் மட்டுமே இயங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

குறைகளும் உண்டு. விருப்பத்தேர்வுச் சாளரத்தில் கட்டங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன; எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது புதியவருக்கு விளங்காது. இயல்பாக அமைந்திருப்பதை அப்படியே விட்டுவிடுவதே அவர்களுக்கு நல்லது. ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாகச் செய்து வைத்த கிராபிக்ஸ் அமைப்புகளும் டிரைவரோடு போய்விடும். ஏதேனும் தவறினால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்கும் வசதி இருக்கிறது. அதைத் தவறவிடக் கூடாது. ஒவ்வொரு டிரைவர் புதுப்பித்தலின்போதும் இதை ஓட்டுவது சிலருக்குப் பழக்கமாகிவிட்டது. அது தேவையற்றது. சிக்கல் இருக்கும்போது மட்டும் பயன்படுத்தினால் போதும்.

இதன் உண்மையான மதிப்பு, கிராஷ் நிற்காதபோதுதான் எனக்குப் புரிந்தது. என் கணினியில் டிரைவரைத் துடைத்துப் புதிதாகப் போட்டபின்னும், கனமான காட்சிகள் வரும் அதே கட்டத்தில் கேம் விழுந்தது. டிரைவர் வழக்கிலிருந்து விடுபட்டுவிட்டதால் கவனம் நேராக வன்பொருளுக்குச் சென்றது. கார்டின் இரண்டு 8 முனை இணைப்புகளுக்கும் ஒரே கேபிளின் கிளைகள் சென்றிருந்தன. அப்படிப்பட்ட ஓர் இணைப்புக்கு வரையறுக்கப்பட்ட அளவு 150 வாட்; இரண்டின் சுமையும் அந்த ஒரே கேபிளின் மீது விழுந்தது. கண்ணிமைக்கும் நேரத்துக்குக் கார்டு இழுக்கும் மின்சாரம் அதன் சராசரியைவிட மிகவும் மேலே எழும்பும் என்பதால், பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களைக் கொண்டுவந்து பொருத்தினேன். அதன்பின் அந்தக் காட்சிகளில் கேம் விழவில்லை. டிரைவர் மீது சந்தேகம் மிச்சமிருந்திருந்தால், பதிப்பு மாற்றிப் பதிப்பு போட்டுப் பார்ப்பதிலேயே பொழுது போயிருக்கும்.

கேபிள் சரியாக இருந்தும் கிராஷ் தொடர்ந்தால், கார்டின் வேகத்தை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள் கொண்டு 50 அல்லது 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பார்க்கலாம். தொழிற்சாலையிலேயே வேகம் ஏற்றி விற்கப்படும் கார்டுகளில் சில, நாளடைவில் அந்த வேகத்தைத் தாங்குவதில்லை. குறைத்ததும் கிராஷ் நின்றால், உத்தரவாதக் காலம் முடியுமுன் கார்டை மாற்றக் கேட்பதற்கு அதுவே போதிய காரணம். கணினியின் ரேமுக்கு, அதன் வேகத்தை இயல்பைவிடக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் அதையும் ஒருமுறை அணைத்துச் சோதிக்க வேண்டும்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வரிசையை மாற்றச் சொல்வேன். கேம் உருவாக்கும் மென்பொருளாகிய அன்ரியல் எஞ்சினில் உருவான கேம்கள், கார்டில் மெமரி தாராளமாக இருக்கும்போதே வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி மூடிக்கொண்ட பல நிகழ்வுகளில், பழுது கிராபிக்ஸ் கார்டில் இல்லை. அளவுக்கு மீறிய வோல்டேஜால் புராசஸரே நிலைகுலைந்திருந்தது. இதற்கான மைக்ரோகோட் திருத்தத்தை, அதாவது புராசஸரின் உள்கட்டளைகளுக்கான திருத்தத்தை, இன்டெல் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட புராசஸர்களின் உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே சேதமடைந்த புராசஸரை அத்திருத்தம் மீட்காது. எனவே அவர்கள் டிடியுவைத் தொடுவதற்கு முன் அத்திருத்தம் அடங்கிய பதிப்புக்கு மதர்போர்டின் அடிப்படை மென்பொருளாகிய பயாஸைப் புதுப்பித்து, கிராஷ் அப்போதும் நீடித்தால் புராசஸரின் உத்தரவாதத்தைக் கோருவதே நேரான வழி.