ஐஸ்காரன் பார்த்த மாமூத்

நாகப்பட்டினத்தில் 31 வருஷம் ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தவன் நான். ரஷ்யாவில், பீட்டர்ஸ்பர்க்கில் டாக்டருக்குப் படிக்கிற மகளைப் பார்க்கப் போயிருந்தேன். மற்றவர்கள் அரண்மனை பார்க்கக் கிளம்ப, நான் விலங்கியல் அருங்காட்சியகத்துக்குத்தான் போகணும் என்று பிடிவாதம் பிடித்தேன். டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்: "சார், பழங்காலத்து யானை அப்படியே ஐஸுக்குள்ள நிக்கும். உங்க தொழிலுக்கு நீங்க பார்க்க வேண்டிய இடம்."

ஐஸ் ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் இரண்டு தடவை போனேன்.

அருங்காட்சியகம் வாசிலியெவ்ஸ்கி தீவின் முனையில், நேவா ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அட்மிரல்தெய்ஸ்கயா மெட்ரோவில் இறங்கி அரண்மனைப் பாலத்தை நடந்தே கடந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. உள்ளே போனதும் 27 மீட்டர் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. கடற்கரை ஊர்க்காரன் என்பதால் அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். ஏஜென்ட் சொன்ன பழங்காலத்து யானைகள், அதாவது உடம்பெல்லாம் முடி உள்ள மாமூத்துகள், அதைத் தாண்டி.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பதுதான் பெரெசோவ்கா மாமூத். சைபீரியாவில் அந்தப் பேருள்ள ஆற்றங்கரையில் 1900-இல் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷம் ஓட்டோ ஹெர்ட்ஸ் என்பவர் தலைமையில் ஒரு குழு போய், துண்டு துண்டாக வெட்டி, பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தது. எப்படிக் கிடந்ததோ அதே வாக்கில் வைத்திருக்கிறார்கள்: பின்பக்கம் தரையில் பதிந்து, முன்கால் ஊன்றி எழப்பார்க்கிற மாதிரி. விழுந்த வேகத்தில் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. பல்லிடுக்கில் மென்று முழுங்காத புல். தும்பிக்கை பிறகு செய்து ஒட்டியது. ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் ஓநாய் மாதிரி ஏதோ தின்றுவிட்டது.

வாயில் புல் இருந்ததை வைத்துக்கொண்டு, 'ஒரே நொடியில் உறைந்துபோன யானை' என்று கதை கட்டுகிறவர்கள் உண்டு. இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உப்புத் தண்ணித் தொட்டியில் இறக்கின ஒரு ஐஸ் பார், நடுவரைக்கும் இறுக கிட்டத்தட்ட ஒரு நாள் பிடிக்கும். அதுவே அப்படி என்றால், உள்ளே சூடும் மேலே கம்பளி மாதிரி முடியும் உள்ள யானை எப்படி நொடியில் உறையும்? குடலை எடுக்காத மீன் முதலில் வயிற்றில்தான் கெடும், மேலே எவ்வளவு பொடி ஐஸ் போட்டாலும். ஹெர்ட்ஸும் சதையைப் பார்த்து நன்றாக உறைந்த மாட்டிறைச்சி மாதிரி இருந்தது, நாய்கள் ஆசையாகத் தின்றன என்று எழுதியிருக்கிறார். கூடவே நாற்றம் தாங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஐஸ் பெட்டியைத் திறக்கிறவனுக்கு இது தெரியும்.

பக்கத்தில் ஆடம்ஸ் மாமூத்தின் எலும்புக்கூடு. சைபீரியாவின் லேனா ஆற்றுக் கழிமுகத்தில் 1799-இல் ஒரு வேட்டைக்காரர் பார்த்தது. ஐஸ் உருகட்டும் என்று சில வருஷம் காத்திருந்து தந்தத்தை வெட்டி விற்றுவிட்டார். தாவரவியலாளர் மிகாயில் ஆடம்ஸ் 1806-இல் போய்ச் சேரும்போது சதையில் பெரும்பகுதி நாய்க்கும் காட்டு மிருகத்துக்கும் போயாகிவிட்டது. மிச்சத் தோலைத் தூக்கவே பத்துப் பேர் திணறினார்களாம். தலையில் காய்ந்த தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மீன் ஏலத்துக்கு நேரத்தில் வராத சரக்கின் கதிதான்.

என்னை நகரவிடாமல் பிடித்தது தீமா. 1977-இல் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் மகதான் பக்கம், தங்கம் தோண்டுகிற இடத்தில் புல்டோசர் ஓட்டியவர் கண்டெடுத்த குட்டி. ஏழெட்டு மாசம்தான் வயது, ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம், செத்து சுமார் 40,000 வருஷம். உடம்பில் முடி ஏறக்குறைய இல்லை, கருவாடு மாதிரி சுருங்கியிருக்கிறது. கொழுப்பே இல்லாமல் மெலிந்து, சேற்றில் மாட்டிச் செத்தது என்கிறார்கள். வயிற்றில் வண்டல் இருந்ததாம். விலா எலும்பை எண்ணிப்பார்த்த மகள், "பட்டினி கிடந்திருக்குப்பா" என்றாள். அவள் படிக்கிற படிப்பு அப்படி.

இந்த மாமூத்துகள் புதைந்து கிடந்த, வருஷம் பூராவும் உருகாத நிலம் என்பது நாங்கள் செய்கிற ஐஸ் மாதிரியும் இல்லை. சேறு மூடினால் காற்று போகாது, அந்தக் குளிரில் கிருமியும் சோம்பிவிடும், வருஷம் பூராவும் கரண்ட் கட் கிடையாது. நாங்கள் உமி போட்டு, மரத்தூள் போட்டு, ஜெனரேட்டர் போட்டு இரண்டு வாரம் காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

விளக்கப் பலகைகளை மகள்தான் படித்துச் சொன்னாள். ரஷ்ய மொழி தெரிந்த ஆள் கூட இருந்தால் நல்லது. குழந்தைகளோடு போகிறவர்கள் முழு நாள் ஒதுக்குங்கள், மேலும் கீழும் அத்தனை மிருகம். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

இனி ரஷ்யாவின் வடகோடியில் இருக்கிற சலெகார்த் ஊருக்குப் போகணும். 2007-இல் யமால் தீபகற்பத்தில் கலைமான் மேய்ப்பவர் கண்டெடுத்த ல்யூபா என்ற மாமூத் குட்டி சலெகார்த் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஒரு மாசக் குட்டி, இன்னும் முழுசு. செத்த உடம்பில் தயிரைப் புளிக்க வைக்கிற வகைக் கிருமி பெருகி, அந்தப் புளிப்பு சதையைக் கெடவிடாமல் காத்ததாம். கேட்டதும், "அங்க எவ்வளவு டிக்கெட்?" என்றேன். "முதல்ல என் செமஸ்டர் பீஸ் கட்டுப்பா" என்றுவிட்டாள்.