ஒரே தொலைவில் இரண்டு பேர்: எஃப்எஃப்டி, கேப்பான், மியூசிக்

77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் தொலைவைப் பிரிப்பது பெரிய பாடு இல்லை. 4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையை முழுதாகப் பயன்படுத்தினால் 3.75 செ.மீ. இடைவெளி உள்ள இலக்குகளே தனித்தனி ரேஞ்ச் பின்னில் (தொலைவுக் கட்டத்தில்) விழும். வேகம் தெளிவாக வேறுபட்டால் டாப்ளர் (வேகத்தால் எதிரொலியின் அலைவெண்ணில் வரும் மாற்றம்) பிரித்துவிடும். ஆனால் நடக்கும் மனிதரின் கை, கால், உடல் எல்லாம் வெவ்வேறு வேகத்தில் அசைவதால் அவரது எதிரொலி டாப்ளரில் பரவிக் கிடக்கும். இரண்டு பேர் அருகருகே நடந்தால் அந்தப் பரவல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். அப்போது கோணம் ஒன்றுதான் வழி. அதைக் கணக்கிட இங்கே ஒப்பிடும் முறைகள் மூன்று: எஃப்எஃப்டி (வேக ஃபூரியர் உருமாற்றம்), கேப்பான், மியூசிக். அறைக்குள் ஆட்களை எண்ணும் வேலைக்கு என் தேர்வு கேப்பான்.

எஃப்எஃப்டியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2 அனுப்பும் ஆண்டெனா, 4 வாங்கும் ஆண்டெனா என்றால் மைமோ முறையில் (ஒவ்வொரு அனுப்பும்–வாங்கும் ஜோடியையும் ஓர் ஆண்டெனாவாகக் கணக்கிடுவது) 8 விர்ச்சுவல் ஆண்டெனா, அரை அலைநீள இடைவெளியில், அதாவது சுமார் 1.95 மி.மீ.க்கு ஒன்றாகக் கிடைக்கும். கோணப் பிரிதிறன் நேர் எதிரே 2/8 ரேடியன், ஏறக்குறைய 14 டிகிரி. 5 மீட்டர் தள்ளி அது 1.25 மீட்டர். பேசிக்கொண்டு நிற்கும் இருவர் அதைவிட நெருக்கமாகத்தான் நிற்பார்கள். பூஜ்யங்களைச் சேர்த்து 64 புள்ளி எஃப்எஃப்டி எடுத்தால் வரைபடம் வழவழப்பாகுமே தவிர, ஒட்டிய முகடு பிரியாது. ஆனாலும் இது ஒரே ஒரு ஸ்னாப்ஷாட்டில் (எல்லா ஆண்டெனாக்களிலும் ஒருமுறை எடுத்த அளவீட்டில்) வேலை செய்யும், அளவுத்திருத்தம் கொஞ்சம் பிசகினாலும் தாங்கும். இந்த இரண்டு குணமும் மற்ற இரண்டுக்கும் கிடையாது.

காகிதத்தில் பார்த்தால் மியூசிக்தான் கூர்மையானது. கோவேரியன்ஸ் அணியின் (ஆண்டெனாக்களின் சிக்னல்கள் ஒன்றோடொன்று எப்படி ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் அட்டவணை) ஐகன்வெக்டர்களை, அதாவது அதன் அடிப்படைத் திசைகளை, சிக்னல், இரைச்சல் என்று இரண்டு கூட்டமாகப் பிரித்து, இரைச்சல் கூட்டத்துக்குச் செங்குத்தான கோணங்களைத் தேடுகிறது. தீர்மானிக்கும் விஷயம் இங்கேதான் இருக்கிறது: அந்தப் பிரிப்பைச் செய்ய, எத்தனை இலக்குகள் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஆட்களை எண்ணுவதற்காகக் கட்டும் கருவியிடம் எண்ணிக்கையை முதலிலேயே கேட்டால் என்ன செய்வது?

ஐகன்மதிப்புகளை (ஒவ்வொரு ஐகன்வெக்டரிலும் உள்ள சக்தியை) பார்த்து எண்ணிக்கையை ஊகிக்க ஏஐசி, எம்டிஎல் போன்ற அளவுகோல்கள் உண்டு. புள்ளி இலக்குகளுக்கு, அதாவது சோதனைக்கு வைக்கும் மூலைப் பிரதிபலிப்பான்களுக்கு, அவை அழகாக வேலை செய்யும்: முதல் இரண்டு மதிப்புகள் பெரிதாக இருக்கும், மூன்றாவதிலிருந்து சட்டென்று இறங்கும். மனிதர் புள்ளி அல்ல. மார்பு, தோள், கை என்று ஒவ்வொன்றும் தனித்தனியே சிதறடிப்பதால் ஐகன்மதிப்புகள் படிப்படியாகச் சரியும், வெட்டுமிடம் தெரியாது. குறைத்துச் சொன்னால் ஒரு ஆள் மறைந்துபோவார், கூட்டிச் சொன்னால் இல்லாத ஆள் முளைப்பார். போதாக்குறைக்கு, மியூசிக் முகட்டின் உயரத்துக்கும் எதிரொலியின் சக்திக்கும் தொடர்பில்லை. ஆகவே பொய் முகட்டைச் சிஃபார் (சுற்றியுள்ள இரைச்சலோடு ஒப்பிட்டு இலக்கைத் தேர்ந்தெடுக்கும் முறை) கொண்டு வடிகட்டவும் முடியாது. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ் பங்களித்த எஸ்பிரிட் முறை, கோணங்களை ஒவ்வொன்றாகத் துழாவாமல் நேரடியாகத் தரும் நேர்த்தியான முறை. அதற்கும் எண்ணிக்கை முதலில் வேண்டும்.

கேப்பான் 1969இல் நிலநடுக்க மானி வரிசைகளுக்காக வந்த முறை. பார்க்கும் கோணத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டு மற்றத் திசைகளிலிருந்து வரும் சக்தியை முடிந்தவரை அமுக்குகிறது. எண்ணிக்கை கேட்காது. கிடைப்பது சக்தியின் மதிப்பீடு என்பதால் தொலைவு–கோண வரைபடத்தில் நேராகச் சிஃபார் ஓட்டலாம். எவ்வளவு நெருக்கத்தைப் பிரிக்கும் என்பது சிக்னலின் வலிமையைப் பொறுத்தது. நல்ல வலிமை இருந்தால் 14 டிகிரிக்குக் கணிசமாகக் கீழே போகும், இரைச்சல் ஏறினால் எஃப்எஃப்டியின் நிலைக்கே இறங்கிவிடும்.

ஸ்னாப்ஷாட்டுகளை டாப்ளர் எஃப்எஃப்டிக்கு முன்பே எடுங்கள். ஒவ்வொரு ரேஞ்ச் பின்னிலும் 128 சிர்ப் (அலைவெண் ஏறிக்கொண்டே போகும் துடிப்பு) சுற்றுகள் இருந்தால் 128 ஸ்னாப்ஷாட். 8×8 அணிக்கு குறைந்தது 16 வேண்டும் என்பது பழைய விதி, ஆகவே தாராளம். அதற்கு முன் அசையாத சுவர், மேசை எதிரொலிகளைக் கழிக்க வேண்டும். அதே ஃபிரேமின் (அந்த 128 சுற்றுகளின்) சராசரியைக் கழித்தால் அசையாமல் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து போய்விடுவார். பல விநாடிகளுக்கு மெதுவாக நகரும் சராசரியைக் கழிப்பது நல்லது.

அணியின் மூலைவிட்டத்தில், மூலைவிட்ட உறுப்புகளின் சராசரியில் 1 முதல் 3 சதவீதத்தைக் கூட்டிய பிறகே அதன் நேர்மாறை (இன்வர்ஸ்) எடுங்கள். இதை விட்டால் ஆண்டெனாக்களின் சிறு கட்டப் பிழைக்கே (கட்டம் என்பது அலைச் சுழற்சியில் உள்ள நிலை, ஃபேஸ்) வலுவான இலக்கு தன்னைத்தானே அமுக்கிக்கொள்ளும். அதிகமாகக் கூட்டினால் கூர்மை போய்விடும். கட்டப் பிழையைத் திருத்த, நேர் எதிரே 3 மீட்டரில் ஒரு மூலைப் பிரதிபலிப்பானை வைத்து எட்டுச் சேனல்களின் வீச்சையும் கட்டத்தையும் பதிந்து வகுத்தால் போதும்.

கேப்பான் இடறும் இடம், இருவரின் எதிரொலியும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்போது. ஒரு சுற்று 120 மைக்ரோவிநாடி என்றால் 128 சுற்றுகள் 15 மில்லிவிநாடி, 0.13 மீ/விநாடிக்குக் குறைந்த வேக வித்தியாசம் அதற்குள் தெரியாது, இரண்டும் ஒரே இலக்காகத் தோன்றும். முன்–பின் சராசரி (ஆண்டெனா வரிசையை இரு முனைகளிலிருந்தும் படித்துச் சராசரியாக்குவது) எடுத்து, அணியை நாலைந்து ஃபிரேம்களுக்குச் சேர்த்துப் பாருங்கள். 1 மி.மீ. அசைவே எதிரொலியின் கட்டத்தை ஏறக்குறைய 180 டிகிரி திருப்பிவிடும் என்பதால் நிற்பவரின் மெல்லிய ஆட்டமே பெரும்பாலும் பூட்டை அவிழ்த்துவிடும். வேகமாக நடப்பவருக்கு இந்தச் சேர்ப்பு கோணத்தைக் கலங்கடிக்கும்.

இந்தத் தேர்வை அப்படியே சாலைக்குக் கொண்டுபோக மாட்டேன். அனுப்பும் ஆண்டெனாக்கள் முறை வைத்து, 60 மைக்ரோவிநாடி தள்ளி ஒலிபரப்பும்போது, 1 மீ/விநாடியில் நடப்பவரால் வரும் கட்டப் பிழை 11 டிகிரிதான், பொறுத்துக்கொள்ளலாம். 10 மீ/விநாடியில் வரும் வண்டிக்கு அது 110 டிகிரி. அங்கே டாப்ளரை முதலில் கண்டு, கட்டத்தைத் திருத்தி, பிறகுதான் கோணத்துக்குப் போக வேண்டும். அப்போது கையில் மிஞ்சுவது ஒரே ஸ்னாப்ஷாட்; அதற்கு எஃப்எஃப்டியும் கூடுதல் ஆண்டெனாக்களுமே நம்பகமானவை.