பப்மெட்: படுக்கைப்புண் பற்றித் தேடியதில் தெரிந்துகொண்டது

நர்சிங் ஆய்வுக்குக் கட்டுரை தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்கும் இடம் பப்மெட் (PubMed) என்ற இணையத் தரவுத்தளம்தான். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிறது, 1996இல் தொடங்கியது, காசு கிடையாது, 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரம் இருக்கிறது. ஆனால் இரண்டு வார்த்தையைத் தட்டிவிட்டு முதல் பக்கத்தோடு திரும்பிவிட்டால் இதன் அருமை தெரியாது.

என் தலைப்பு, படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியை அடிக்கடி பக்கம் மாற்றிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் குறைகிறதா என்பது. இந்தப் புண்ணை பெட்சோர், டெகுபிட்டஸ் அல்சர், பிரஷர் அல்சர், பிரஷர் இஞ்சுரி என்று ஆளுக்கொரு பெயரில் எழுதுகிறார்கள். இதைச் சமாளிக்கத்தான் மெஷ் (MeSH) என்ற மருத்துவத் தலைப்புச் சொற்பட்டியல் இருக்கிறது. கட்டுரைகளுக்கு அதிலிருந்து தலைப்பு போடுவார்கள், அதனால் கட்டுரையாளர் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும் எல்லாம் ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடும். நாம் தட்டும் சொல்லையும் பப்மெட் தானாகவே மெஷ்ஷோடு பொருத்திப் பார்க்கும். மேற்கோள் குறி போட்டால் அந்தப் பொருத்தம் நின்றுவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பப்மெட்டின் அட்வான்ஸ்டு தேடல் பக்கத்தில் இருக்கும் டீடெய்ல்ஸ். அதை விரித்தால் நம் தேடலை அது எப்படிப் புரிந்துகொண்டது என்று அப்படியே காட்டும். ரிபொசிஷனிங் என்றால் பக்கம் மாற்றுவது; ஆண்ட் (AND) போட்டால் இரண்டு சொல்லும் இருக்க வேண்டும், ஆர் (OR) போட்டால் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். நான் 'ரிபொசிஷனிங் ஆண்ட் பெட்சோர் ஆர் பிரஷர் அல்சர்' என்று தட்டியபோது பக்கம் மாற்றுவதற்குச் சம்பந்தமே இல்லாத கட்டுரைகள் கொட்டின. டீடெய்ல்ஸைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது: அது இடமிருந்து வலமாகப் படிக்கிறது, அதனால் முதல் இரண்டையும் சேர்த்துவிட்டு, அப்புறம் பிரஷர் அல்சர் என்று இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. புண்ணின் பெயர்களை அடைப்புக்குறிக்குள் போட்டதும் சரியாகிவிட்டது.

தேடல் முடிவுகளைச் சுருக்கும் ஃபில்டர்களில் கவனம் வேண்டும். வயது, பால், மனிதர் போன்றவை மெஷ்ஷை நம்பி இயங்குகின்றன, புதிதாக வந்து இன்னும் மெஷ் போடப்படாத கட்டுரைகள் அதில் உதிர்ந்துவிடும். அதனால் மெஷ் சொல்லையும் தலைப்பு, சுருக்கத்தில் வரும் சாதாரணச் சொற்களையும் ஆர் போட்டுச் சேர்த்தே தேடுங்கள்.

குறை என்றால், முழுக் கட்டுரை இங்கே இருக்காது, சுருக்கமும் இணைப்பும்தான். நோயாளிகளின் அனுபவத்தைப் பேட்டி எடுத்து எழுதும் பண்புசார் ஆய்வுகளுக்கு இது ஒன்று மட்டும் போதாது. அதற்கு நர்சிங்குக்கும் அதைச் சார்ந்த துறைகளுக்கும் இருக்கும் சினால் (CINAHL) என்ற தரவுத்தளத்தையும் பாருங்கள், சந்தா கட்ட வேண்டியது என்பதால் உங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார்ப்பது நல்லது. கிடைத்த கட்டுரைகளை பப்மெட்டின் கிளிப்போர்டில் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், 8 மணி நேரம் தொடாமல் இருந்தால் அழிந்துவிடும். இலவசக் கணக்கு ஒன்று திறந்து தேடலையே சேமித்துவைத்தால் புதிதாக வருபவை மின்னஞ்சலுக்கே வந்துவிடும்.