மாட்டுக்கு ‘புரோபயாடிக்’ பவுடர் வாங்கும் முன் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

பால் சொசைட்டி வாசலில் பைக்கை நிறுத்தி மாட்டுக்குப் புரோபயாடிக் (செரிமானத்துக்கு உதவும் உயிருள்ள நுண்ணுயிர்) பவுடர் விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். எங்கள் ஊரில் ஒருவர் வீடு வீடாக விற்றுவிட்டுப் போனார். நாங்களும் வாங்கினோம்.

அவர் சொன்னது: “அண்ணே, நல்லா சூடான தண்ணியில கலக்கி வைங்க. வயித்துல நல்ல கிருமி பெருகிடும். அப்புறம் மக்காச்சோளம் எவ்வளவு கூட்டினாலும் மாடு தாங்கும்.”

இரண்டும் தப்பு. உயிருள்ள பாக்டீரியாவில் பெரும்பாலானவை அவ்வளவு சூட்டிலேயே செத்துப்போகும். இரண்டாவது யோசனைதான் மாட்டைப் படுக்க வைத்தது. மாவுத்தீவனத்தைத் திடீரென்று கூட்டினால் பெருவயிற்றில் அமிலம் ஏறும். 6-க்கு மேல் இருக்க வேண்டிய பி.எச். (அமிலம் ஏற ஏறக் குறையும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கினால், நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் வேலை செய்யாது. எங்கள் ஜெர்சி கலப்பு மாடு அசைபோடுவதையே விட்டுவிட்டது. சாணம் நுரையோடு தண்ணியாகப் போனது, அதில் சோளக்குருணை செரிக்காமல் அப்படியே கிடந்தது. பாலில் கொழுப்பு குறைந்து விலையும் அடிபட்டது. கால்நடை மருத்துவர் வந்து சோளத்தை நிறுத்தி, சோடா உப்பு கொடுத்து, வைக்கோல் மட்டும் போடச் சொன்ன பிறகே தேறியது.

அப்புறம் டப்பாவைப் பார்த்தால், தேதி ஸ்டிக்கருக்கு அடியில் காலாவதியான இன்னொரு தேதி! நகத்தால் சுரண்டியதும் வந்துவிட்டது. எந்த பாக்டீரியா, கிராமுக்கு எத்தனை கோடி என்ற விவரமே இல்லை. கொழுத்த வெளிநாட்டு மாட்டின் படம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. தூளில் எலுமிச்சை பிழிந்தால் பொங்குகிறது. சுண்ணாம்புத் தூளோ ஆப்பசோடாவோ. அதைக் கலப்பது தப்பில்லை, ஆனால் அதற்கா அந்த விலை?

புரோபயாடிக்கே பொய் என்று சொல்லவில்லை. உயிருள்ள ஈஸ்ட், பெருவயிற்றுக்குள் வரும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நார் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கு உதவுகிறது. மெகாஸ்பேரா என்ற பாக்டீரியா, பெருவயிற்றில் சேரும் லாக்டிக் அமிலத்தையே தின்று குறைக்கும். ஆனால் உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் பலன். வெயிலில் பைக் பெட்டிக்குள் வெந்த சரக்கில் என்ன மிஞ்சும்?

விற்றவருக்குப் போன் செய்தால், “உங்க மாட்டுக்கு டோஸ் பத்தலை, இன்னொரு டப்பா போடுங்க” என்கிறார். வாங்குவதானால் பில்லோடு வாங்குங்கள். ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம். எங்களிடம் இருப்பது துண்டுச்சீட்டுதான், அதில் கடைப் பெயர்கூட இல்லை.